10,592 ரூபாய்க்கு யார் வருவார்கள்? தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கும், குழந்தைகள் நலம், சிறை, காவல் ஆகியவற்றைக் கவனிக்கிற துறைச் செயலாளர்களுக்கும்,

மறுபடியும் அந்த அறிவிப்பு வந்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆள் தேவை. சமூகப் பணியாளர், தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிற புறத்தொடர்புப் பணியாளர், 10,592 ரூபாய். முற்றிலும் தற்காலிகமானது, ஓராண்டு ஒப்பந்தம். பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒட்டி, சான்றிதழ் நகல்களோடு குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எந்த மாவட்டத்து அறிவிப்பு என்று நான் எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த மாவட்டத்துக்கும் அது பொருந்தும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022-இல் வழிகாட்டுதல் வந்தபோது போட்ட அதே தொகைதான். அரிசி விலையும் வீட்டு வாடகையும் அங்கேயே நிற்கவில்லை.

நான் அந்த வேலையைச் செய்தவள். இப்போது ஒரு கல்லூரியில் சமூகப் பணி முதுகலை மாணவர்களுக்குக் களப்பணி வழிகாட்டியாக இருக்கிறேன். இந்த அறிவிப்பை மாணவர்கள் என் போனுக்கு அனுப்பி, "மேடம், அப்ளை பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். பண்ணுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் நேசிக்கிற ஒரு தொழிலுக்கு என் மாணவர்களை அனுப்பத் தயங்குகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது அரசின் அலட்சியம். அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

இந்த வேலை என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். கோப்பில் பணியிடத்தின் பெயரை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது நலத்திட்ட உதவி கொடுக்கிற வேலை என்ற எண்ணம் இருக்கிறது. அப்படி இல்லை. இது நீதி வழங்கும் வேலையில் ஒரு பங்கு.

16 வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும், கூடவே இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார வேண்டும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நீதிமன்ற மேசையிலேயே சமூகப் பணிக்கு நாற்காலி போட்ட சட்டம் அது. அப்புறம் குழுமம் நன்னடத்தை அலுவலரிடம் (ப்ரொபேஷன் ஆஃபீசர்) சமூக விசாரணை அறிக்கை கேட்கும். அவர் இல்லாத இடத்தில் குழந்தைகள் நல அலுவலரோ சமூகப் பணியாளரோ அதைக் கொடுக்க வேண்டும். பையன் முதன்முதலில் குழுமத்தின் முன் வந்த நாளிலிருந்து 15 நாள் கெடு.

அந்த வழக்குக் கட்டில் பையனைப் பற்றிப் பேசுகிற காகிதம் இது ஒன்றுதான். எஃப்.ஐ.ஆர். குற்றத்தைப் பற்றிச் சொல்லும். மகஜர் கைப்பற்றிய பொருளைப் பற்றிச் சொல்லும். அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த வகுப்போடு நின்றான், ஏன் நின்றான், வீட்டில் கடன் இருக்கிறதா, யார் கையில் அடி வாங்குகிறான், யாரோடு சுற்றுகிறான், போதைப் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதெல்லாம் இந்த அறிக்கையில் மட்டுமே வரும். அவனை வீட்டுக்கு அனுப்பலாமா, வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் வைக்க வேண்டுமா என்று குழுமம் முடிவு செய்யும்போது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் செய்கிறது. 16 வயதைக் கடந்தவன் மீது கொடுங்குற்ற வழக்கு என்றால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற ஆரம்ப மதிப்பீட்டிலும் இதன் எடை பெரிது.

இந்தப் படிவத்தை இல்லத்தின் வராந்தாவில் பையனை உட்கார வைத்து அரை மணி நேரத்தில் நிரப்பலாம். அப்படி நிரப்பிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். "குடும்பப் பொருளாதாரம்: ஏழ்மை. நண்பர்கள்: தீய சகவாசம்." அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு தடவை போதாது. முதல் தடவை அம்மா வாசலைத் தாண்டி விடமாட்டார். நம்மைப் போலீஸ் என்று நினைப்பார். "எங்க பையன் தங்கம்மா, எல்லாம் சேர்க்கை சரியில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அடுத்த தடவை சில்வர் டம்ளரில் டீ வரும். அதற்கடுத்த தடவை, நாம் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அதுவரை திண்ணையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பாட்டி பின்னாலேயே தெருமுனை வரை வந்து, அவன் மாற்றாந்தகப்பன் கரண்டியைச் சூடு பண்ணி வைத்த கதையைச் சொல்வார். அதுவரை அது எந்தக் காகிதத்திலும் இருந்திருக்காது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. மூன்று பேர். அவர்களில் இளையவனுக்கு 19 என்று வயது எழுதி மூவரையும் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இளையவனின் அம்மா, சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலிடம், "அவன் இன்னும் சின்னப் பையன்தான் சார்" என்று அழுதிருக்கிறார். கையில் ஒரு சான்றும் கிடையாது. வீட்டில் பிறந்த பிள்ளை, பிறப்பைப் பதியவில்லை. ஆதாரில் ஏதோ ஒரு வருடம் இருந்தது, அதுவும் முகாமில் தோராயமாகச் சொன்னது. வயதை முடிவு செய்யச் சட்டம் முதலில் கேட்பது பள்ளியின் பிறந்த தேதிச் சான்றை. அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை, அதில் ஓரிரு வருடம் முன்பின் ஆகலாம். இந்தப் பையனின் வழக்கில் அந்த ஓரிரு வருடம்தான் எல்லாமே.

அவன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளியில். பிறகு குடும்பம் செங்கல் சூளை வேலைக்குப் போனதில் படிப்பு நின்றுவிட்டது. நானும் எங்கள் அலகின் புறத்தொடர்புப் பணியாளரும் அந்தப் பள்ளிக்குப் போனோம். "அந்த வருஷத்துப் பதிவேடு இருக்குமான்னு தெரியலையேம்மா, கட்டடம் ஒழுகிச்சு" என்றார் தலைமையாசிரியை. ஆனால் விடவில்லை. இரும்பு பீரோவின் அடித்தட்டிலிருந்து காக்கி அட்டை போட்ட பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. கடைசியில் கிடைத்தது. நீல மையில் அவன் பெயர், அப்பா பெயர், சூளைக்குப் போவதற்கு முன் இருந்த ஊர், பிறந்த தேதி, பக்கத்தில் அம்மாவின் கைநாட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். சம்பவத்தன்று அவனுக்கு 17 கூட நிரம்பவில்லை. சட்டம் அவனைப் பிள்ளை என்கிறது, அவனோ அந்த நேரத்தில் பெரியவர்களோடு சிறையில் படுத்திருந்தான்.

அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் நீதிமன்றத்துக்குப் போனது. அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாறியது. பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். கதை அதோடு முடிந்திருந்தால் அவன் மறுபடி அந்த இரண்டு பேரோடுதான் போயிருப்பான், ஏனென்றால் ஊரில் அவனைக் கூப்பிட்டுப் பேச வேறு ஆள் இல்லை. எங்கள் புறத்தொடர்புப் பணியாளர் அவனை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பணம் கட்ட வைத்தார். எழுத்தே மறந்துபோயிருந்தவனை மாலையில் உட்கார வைத்துப் படிக்க வைத்தார். அவன் தேறினான். எட்டாம் வகுப்பு போதும் என்கிற வெல்டர் பிரிவில் ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

சேர்க்கை வருவதற்குள் அந்தப் பணியாளரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அவர் வேலையில் இல்லாத நிலையில், சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போய் அந்தப் பையனை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டு வந்தார். நாங்கள் அந்தப் பள்ளிக்குப் போய்வந்த பயணப்படி அப்போதும் வரவில்லை. பஸ் டிக்கெட்டுகளை வெள்ளைத் தாளில் ஒட்டிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, அந்தப் பையனைக் காப்பாற்றியது நம் ஏற்பாடு அல்ல. அந்த ஏற்பாடு கைவிட்ட ஒரு மனிதரின் நல்ல மனசு. அரசு அதை நம்பி இருக்கக்கூடாது. அவருக்கும் வீடு, வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் உண்டு. 10,592 ரூபாய் என்றால் நாளுக்கு 353 ரூபாய். கொத்தனாருக்குக் கையாளாகப் போனால் இதைவிடக் கூடுதல் கிடைக்கும்.

ஓராண்டு ஒப்பந்தம் என்பது சம்பளப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையின் மூலதனமே நம்பிக்கை. திண்ணையில் இருந்த பாட்டி வாயைத் திறக்க நாளாகிறது. ஸ்டேஷன் எழுத்தர் நம் முகத்தைப் பழகி, பிள்ளையைப் பிடித்ததும் போன் போட நாளாகிறது. எந்தத் தலைமையாசிரியர் டி.சி. கேட்காமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார், எந்தக் கடைக்காரர் வழக்கு இருக்கிற பையனுக்கும் வேலை கொடுப்பார் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. அந்த ஊரில் அலைந்தவர் தலையில் இருக்கும். ஆளை மாற்றும்போது அத்தனையும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் மறுபடி வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

மத்தியத் திட்டம், அவர்கள் வைத்த தொகை, நாங்கள் என்ன செய்வது என்ற பதில் பல கூட்டங்களில் எனக்குக் கிடைத்திருக்கிறது. 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு என்பது உண்மைதான். பள்ளிக் காலை உணவுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் தன் நிதியிலிருந்து செலவு செய்யத் துணிந்த மாநிலம் இது. சில நூறு பணியாளர்களின் சம்பளத்தில் தன் பங்கைக் கூட்டுவதற்கு எது தடுக்கிறது?

நன்னடத்தை அலுவலர்கள் பற்றியும் பேசியாக வேண்டும். அந்தப் பிரிவு சிறைத்துறையின் கீழ் இருப்பதாலோ என்னவோ, குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது 18 வயதைத் தாண்டியவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் 6-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆயுள் தண்டனைக்கு உரிய குற்றமாக இல்லாதவரை, 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்பதே அதன் சாரம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்து, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், நன்னடத்தையில், அதாவது சிறைக்கு அனுப்பாமல் ஒழுங்காக நடப்பதாக உறுதி வாங்கிக்கொண்டு, விடக்கூடிய வழக்கில் விடாமல் போனால் அதற்கான சிறப்புக் காரணத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது.

நடைமுறை வேறு. எங்கள் பக்கத்தில் ஒரே நன்னடத்தை அலுவலர் பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துப் பார்த்த காலம் உண்டு. அறிக்கை வர நாளாகும் என்று தெரிந்ததால், "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடுப்பா" என்று பையன்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவனும் நிம்மதியாகக் கட்டிவிட்டுப் போவான். அபராதம் என்றாலும் அது தண்டனை, அவன் பெயரில் பதிவாகிவிடுகிறது என்பது பின்னால் கம்பெனியில் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கும்போதுதான் அவனுக்குத் தெரியும். அவனை நன்னடத்தையில் விட்டிருந்தால், அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவனைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். அரசு வேலைக்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலுவலர் பணியிடம் காலியாகக் கிடப்பது அரசுக்குச் சம்பளம் மிச்சம் என்று கணக்கில் தெரியலாம். அந்த மிச்சத்துக்கான விலையை இந்தப் பையன்கள் கொடுக்கிறார்கள்.

இப்போது இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவருக்கும் அதை விதிக்கலாம். நல்ல ஏற்பாடு, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒருவர் அரசு மருத்துவமனையில் வார்டு கழுவ வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னால், அவரை அங்கே யார் கொண்டுபோய் விடுவது? அவர் வந்தாரா என்று யார் பார்ப்பது? அவரை எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தாமல் வேலை வாங்க வேண்டும் என்று மருத்துவமனை மேற்பார்வையாளரிடம் யார் பேசுவது? குடிதான் பிரச்சினை என்றால் சிகிச்சைக்கு யார் அழைத்துப் போவது? இதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் நன்னடத்தை அலுவலர்களும் சமூகப் பணியாளர்களும். அவர்களை நியமிக்காமல் இந்தத் தண்டனையைப் போலீஸ் ஸ்டேஷன் கையில் கொடுத்துவிட்டால், அது இன்னொரு கையெழுத்துப் போடுகிற நிபந்தனையாகச் சுருங்கிவிடும்.

போலீஸ் ஸ்டேஷன் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறார்களுக்கான சிறப்புக் காவல் அலகில் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் வேலை பார்த்த வருடங்களில் அந்த அலகில் சமூகப் பணியாளர் என்று ஒருவரை எனக்கு யாரும் காட்டவில்லை. நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனால் "நீங்க யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. அடையாள அட்டையில் ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். எல்லாக் காவலர்களும் அப்படி இல்லை. பசியோடு இருந்த பையனுக்குத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்த எஸ்.ஐ.யையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை நம்பி ஒரு பிள்ளையின் இரவு இருக்கக்கூடாது. மும்பையில் 1984-லேயே டாடா சமூக அறிவியல் நிறுவனம் காவல்துறைக்கு உள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை உட்கார வைத்தது. பின்னாளில் மகாராஷ்டிர அரசே அதை ஏற்று நடத்தியது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

இன்னும் சொல்லப்போனால் இந்த விஷயத்தில் மற்றவர்களுக்கு வழிகாட்டியதே நாம்தான். இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. நன்னடத்தைச் சட்டத்தை மத்திய அரசு 1958-இல் கொண்டுவருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணம் இயற்றிவிட்டது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் இதே சென்னையில் சமூகப் பணிக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அந்தப் பெருமைக்குரிய மாநிலத்தில்தான் 2022-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், ஒரு சிறு திருட்டு வழக்கில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்ட 17 வயதுப் பையன் அங்கே அடிபட்டுச் செத்தான். இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. குழு 2023 நவம்பரில் அறிக்கையைக் கொடுத்தது.

அந்த மரணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிசிடிவி, பூட்டு, காவலாளி என்றே பேச்சு போகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. இல்லத்துக்குள் வந்து பையன்களோடு தரையில் உட்கார்ந்து பேசுகிற, அவர்கள் பயமில்லாமல் சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டுகிற வெளி ஆள் ஒருவர் அடிக்கடி வந்துபோகிற இடத்தில், கம்பை எடுக்கிற கைக்குத் தயக்கம் வரும். அந்த வெளி ஆள்தான் சமூகப் பணியாளர். அவரும் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயத்தில் இருந்தால், கண்காணிப்பாளரைப் பற்றி எப்படி எழுதுவார்? பிள்ளைக்காக வாய் திறக்க வேண்டியவரின் வேலையே தொங்கலில் இருக்கும்போது யாருக்காக யார் பேசுவது?

உச்ச நீதிமன்றமும் சொல்லியாகிவிட்டது. 2005-இல் தொடுக்கப்பட்ட சம்பூர்ணா பெஹூரா வழக்கில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. குழுமங்களிலும் குழந்தைகள் நலக் குழுக்களிலும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகளிலும் காலியிடங்களை நிரப்பச் சொன்ன தீர்ப்பு அது. வருடங்கள் ஓடிவிட்டன. நிரப்புகிறோம் என்று நீங்கள் இந்த அறிவிப்பைக் காட்டலாம். யாரும் நிலைத்து நிற்க முடியாத சம்பளத்தில் ஓராண்டுக்கு ஆள் எடுப்பதை நிரப்புவது என்று நான் ஏற்க மாட்டேன்.

என் மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சமூகப் பணி படிக்க வருகிறவர்களில் பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்கள் தெருவிலேயே இந்த மாதிரிப் பையன்கள் இருப்பார்கள். அதனாலேயே இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடம் எடுக்கும்போது பாருங்கள், வகுப்பில் பெரும்பகுதி மனிதவளத்துக்குப் போய்விடும். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு தொழிற்சாலையில் ஹெச்.ஆர். வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கம்பெனி பஸ். சீர்திருத்தப் பணியை எடுக்க ஒன்றிரண்டு பேர் நின்றாலே பெரிது.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். கூர்நோக்கு இல்லம் ஒன்றில் களப்பணி செய்தாள். மற்றவர்கள் எல்லாம் கவுன்சலிங் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது இவள் பையன்களோடு கேரம் ஆடிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "மேடம், அந்தப் பையனுக்குப் படிக்கவே தெரியல. வீட்டிலிருந்து வந்த லெட்டரை இன்னொருத்தன்கிட்ட படிக்கச் சொல்லிக் கேட்கிறான். ஆனா ஃபைல்ல ஒன்பதாவதுன்னு இருக்கு" என்றாள். அதிலிருந்து தோண்டியதில் அவன் பள்ளியை விட்ட உண்மையான காரணமே வெளியே வந்தது. நன்னடத்தை அலுவலர் வேலைக்கென்றே பிறந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அவள் ஒரு தொழிற்சாலையில் வருகைப்பதிவு பார்க்கிறாள். அப்பாவுக்கு டயாலிசிஸ், தம்பிக்குப் படிப்பு. அவள் முடிவில் ஒரு தப்பும் இல்லை. நஷ்டம் அந்த இல்லத்தில் இருக்கிற அடுத்த பையனுக்கு.

இனி நான் கேட்பவற்றை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் ஆகியோரின் தொகுப்பூதியத்தை இந்த நிதியாண்டிலேயே மாநில நிதியிலிருந்து உயர்த்துங்கள். எந்தப் பணியாளருக்கும் 25,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. ஓராண்டு ஒப்பந்தத்தை நிறுத்துங்கள். ஐந்து வருடம் பணி முடித்தவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரும் அரசாணை வேண்டும். அதுவரை, எழுத்துப்பூர்வமான காரணமும் பதில் சொல்ல வாய்ப்பும் இல்லாமல் யாருடைய ஒப்பந்தத்தையும் முறிக்கக்கூடாது. பெண் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு, தனியாகப் போக முடியாத இடங்களுக்கு வண்டியும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். வீட்டு விசாரணைக்கான பயணச் செலவை முன்பணமாகக் கொடுங்கள்.

நன்னடத்தை அலுவலர் பணியிடங்களில் மாவட்டவாரியாக எத்தனை நிரம்பியிருக்கிறது, எத்தனை காலி என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள். காலியிடங்களுக்குத் தேர்வு எந்த மாதம் நடக்கும் என்று தேதி சொல்லுங்கள். அந்தத் தேர்வில் சமூகப் பணி, குற்றவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஓர் அலுவலர் ஒரு நேரத்தில் எத்தனை பேரைக் கண்காணிக்கலாம் என்பதற்கு வரம்பு வையுங்கள். சமூக சேவைத் தண்டனையின் மேற்பார்வையை அவர்களிடம் ஒப்படைத்து, அதற்குத் தனிப் பணியிடங்களை உருவாக்குங்கள்.

காவல்துறையை நடத்துகிறவர்களிடம்: சிறப்புக் காவல் அலகில் சட்டம் சொல்கிற இரண்டு சமூகப் பணியாளர்கள் எந்தெந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். இல்லாத இடங்களில் நியமியுங்கள். சிறுவர் யாரையும் பிடித்ததும் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும் என்று எல்லா ஸ்டேஷனுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைகளில் எவையெவை ஏற்கப்பட்டன, எவை நடைமுறைக்கு வந்துவிட்டன, எவை நிராகரிக்கப்பட்டன என்பதை ஒவ்வொன்றாக எழுதி மக்கள் முன் வையுங்கள். செத்துப்போன பையனின் தாய்க்கும் அதில் ஒரு பிரதி அனுப்புங்கள்.

என் மாணவர்கள் மே மாதம் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடத் தொடங்குவார்கள். ஊதிய உயர்வுக்கான அரசாணையையும் நன்னடத்தை அலுவலர் தேர்வுக்கான தேதியையும் அதற்கு முன் அறிவியுங்கள். இப்போது வந்திருக்கிற அறிவிப்பைத் திரும்பப் பெற்று, புதிய சம்பளத்தோடு மறுபடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஒப்பந்தச் சமூகப் பணியாளர், இந்நாள் களப்பணி ஆசிரியை